வாழ்நாள் சாதனையும் ஒரு பழைய கொப்பியும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் மலர்க் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



"இலக்கியத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்று சொல்லிச் சங்கத்தார் மலர்க் குழுவுக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். நாங்கள் ஒரு விருதைப் பற்றிப் பேசலாமென்று நினைத்தோம். அந்த விருதிலிருந்து தொடங்கி நம்முடைய அலுமாரிகளில் வந்து முடிப்போம். இடையில் எங்கள் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

விருதின் பெயர் 'இயல் விருது'. கனடாவின் ரொறன்ரோ நகரில் 2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ் இலக்கியத் தோட்டம் என்ற அமைப்பு இதை வழங்கி வருகிறது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்த எழுத்தாளர் அ. முத்துலிங்கம் அதன் நிறுவனர்களில் ஒருவர். தமிழுக்கு வாழ்நாள் முழுவதும் உழைத்த ஒருவரை, அவர் எந்த நாட்டில் இருந்தாலும் தேடிக் கண்டு பாராட்டுவது இந்த விருதின் நோக்கம். நோபல் பரிசைப் போல இதில் பெருந்தொகை கிடையாது. ஆனாலும் அரசாங்கம் எதுவும் தராத, நாட்டெல்லை பார்க்காத விருது என்பதால் தமிழ் எழுதுகிறவர்கள் அதைப் பெரிதாக மதிக்கிறார்கள்.

முதல் விருது 2001இல் நாகர்கோவிலில் வாழ்ந்த நாவலாசிரியர் சுந்தர ராமசாமிக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு நமது நாட்டின் மொழிபெயர்ப்பாளர் கே. கணேஷ் பெற்றார். 2005இல் சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்ற அமெரிக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் ஹார்ட் பெற்றார். 2010இல் பெற்ற எஸ். பொன்னுத்துரையை நம் மூத்தவர்கள் அறிவார்கள். மட்டக்களப்பில் ஆசிரியராக இருந்து, இந்தக் கிழக்குக் கரையின் பேச்சையும் வாழ்வையும் நன்றாக அறிந்திருந்த 'எஸ்.பொ.' அவர்தான்.

இந்தப் பட்டியலை முதலில் வாசித்தபோது, பெண்பிள்ளைகளின் பாடசாலையில் படித்த எவருக்கும் வரும் கேள்விதான் எங்களுக்கும் வந்தது: இதில் பெண்கள் எத்தனை பேர்? முதல் பத்து ஆண்டுகளில் இருவர். 2007இல் லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோம், 2008இல் அம்பை.

இது தமிழுக்கு மட்டும் உள்ள குறை அல்ல. இலக்கியத்துக்கான நோபல் பரிசை 1901 முதல் 2024 வரை 121 பேர் பெற்றிருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் 18 பேர். அந்தப் பதினெட்டுப் பேரில் இருவரை நாம் சற்று நெருக்கமாகப் பார்க்கலாம். 1909இல் பரிசு பெற்ற முதற் பெண்ணான செல்மா லாகர்லேவ், சுவீடனில் லான்ட்ஸ்க்ரோனா என்ற ஊரின் பெண்கள் பாடசாலையில் பத்து வருடம் டீச்சராக இருந்தவர். 1945இல் பெற்ற கப்ரியேலா மிஸ்ட்ரல், சிலி நாட்டில் தெமூக்கோ என்ற ஊரின் பெண்கள் பாடசாலையில் அதிபராக இருந்தவர். அந்த ஊர்ப் பையன் ஒருவன் அவரிடம் வந்து புத்தகங்கள் வாங்கிப் படித்தான். அவன்தான் பிறகு 1971இல் நோபல் பெற்ற பப்லோ நெரூடா. ஆக, பெண்கள் பாடசாலையில் கொப்பி திருத்திக்கொண்டிருக்கும் டீச்சர்மாரை யாரும் குறைவாக எண்ண வேண்டாம். முன் வரிசையில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

வாழ்நாள் சாதனை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதற்கு முதலில் எழுதுவதற்கென்று ஒரு வாழ்நாள் வாய்க்க வேண்டும். பதினைந்து வயதில் ஒரு நல்ல கதை எழுதுகிற பிள்ளை, இருபத்தைந்திலும் நாற்பதிலும் அறுபதிலும் எழுதினால்தான் அது வாழ்நாள் எழுத்து ஆகும். நம்மில் எத்தனை பேருக்கு அது வாய்த்தது?

தமிழ்நாட்டின் துவரங்குறிச்சியில் பிறந்த சல்மாவைப் பாருங்கள். நம்மைப் போன்ற முஸ்லிம் குடும்பம். பருவமடைந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு யாருக்கும் தெரியாமல் எழுதினார், புனைபெயரில் வெளியிட்டார். 2004இல் வந்த 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல் தமிழுக்கு வெளியேயும் போனது. அதை ஆங்கிலத்தில் தந்தவர் சற்று முன் நாங்கள் பெயர் சொன்ன லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோம். இங்கிலாந்தில் வாழ்ந்து, பாமாவின் 'கருக்கு' உட்பட எத்தனையோ தமிழ் நூல்களை ஆங்கிலத்துக்குப் பெயர்த்தவர். சொந்தமாக நாவல் எழுதிப் புகழ் பெற்றவர் அல்லர். இன்னொருவர் எழுதியதை வரிவரியாகத் தூக்கிச் சுமந்தவர். அந்தச் சுமையையும் வாழ்நாள் சாதனை என்று இயல் விருது ஏற்றுக்கொண்டது.

அம்பை மிகச் சிறந்த சிறுகதை ஆசிரியர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் செய்த இன்னொரு வேலையும் உண்டு. 1988இல் மும்பையில் 'ஸ்பாரோ' என்ற காப்பகத்தை நண்பர்களோடு தொடங்கினார். பெண்கள் பேசுவதை ஒலிநாடாவில் பதிவது, அவர்களுடைய படங்களையும் கடிதங்களையும் சேர்ப்பது அதன் பணி. புத்தகம் எழுதாத பெண்ணுக்கும் வரலாறு உண்டு என்பது அந்த வேலையின் அடிப்படை.

இந்தக் கண்ணோடு பட்டியலை மறுபடி பார்த்தபோது எங்களுக்கு வேறொன்று தெரிந்தது. 2004இல் விருது பெற்ற இ. பத்மநாப ஐயர், ஈழத்து நூல்களைத் தேடிச் சேர்ப்பதையும் அச்சேற்றுவதையும் பிறர் கைக்குக் கொண்டுசேர்ப்பதையும் தன் வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து சுமார் 97,000 நூல்கள் சாம்பலான நாட்டில் அந்த வேலையின் பெறுமதி நமக்குப் புரியும். 2013இல் பெற்றவர்களில் ஒருவரான டொமினிக் ஜீவா சிகையலங்கார நிலையத்தில் வேலை செய்தவர். 1966இல் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தினார். தன் எழுத்தைவிடப் பிறர் எழுத்துக்கே அதிகப் பக்கம் ஒதுக்கினார். 2015இல் பெற்ற இ. மயூரநாதன் ஒரு கட்டடக் கலைஞர். வேலை செய்துகொண்டே, ஓய்வு நேரத்தில் தமிழ் விக்கிப்பீடியாவை வளர்த்து, ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியவர்.

மொழிபெயர்த்தவர், சேர்த்து வைத்தவர், அச்சேற்றியவர், பதிந்து வைத்தவர். எழுதியவர்களோடு சரிசமமாக இவர்களும் உட்காருகிறார்கள். எழுதுகிறவர் ஒருவர் என்றால், அந்த எழுத்து அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர இன்னும் பலர் தேவை. இதுதான் இந்த விருதிலிருந்து நாங்கள் படித்த பாடம்.

நமது கரையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணன் 1975இல் காலமானார். அவருடைய 'வேளாண்மை' காவியம் 1982இல்தான் நூலாக வந்தது. இடையில் இருந்த அந்த ஏழு வருடமும் அந்தத் தாள்களை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். கல்முனைக்குடியில் பிறந்த பேராசிரியர் எம். ஏ. நுஃமான் இளவயதிலேயே இங்கிருந்து 'கவிஞன்' என்ற சஞ்சிகையை நடத்தினார், பிறகு அ. யேசுராசாவோடு சேர்ந்து 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' தொகுப்பைக் கொண்டுவந்தார். பிறர் கவிதையைச் சேர்த்துக் கொடுக்கும் வேலை அது. சாய்ந்தமருதுக் கவிஞர் அனாருக்கு இதே தமிழ் இலக்கியத் தோட்டம் 2011ஆம் ஆண்டுக்கான கவிதை விருதை வழங்கியது. அந்த அனார், தன் கவிதைகளோடு நிற்காமல், நம் மூத்தம்மாமார் வயலிலும் வாசலிலும் சொல்லிவந்த நாட்டார் கவிகளைத் தேடித் தொகுத்து 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்ற நூலாக்கினார். அந்தக் கவிகளைக் கட்டிய பெண்களின் பெயர் எதுவும் நமக்குத் தெரியாது. கவி மட்டும் தப்பியிருக்கிறது.

இனி, சொல்ல வேண்டியிருக்கிறது என்று சொன்ன அந்தத் தவறுக்கு வருகிறோம்.

இந்த மலருக்காகப் பழைய மாணவியரின் எழுத்துகளைத் தேடப் புறப்பட்டபோது, நம் பாடசாலையில் எத்தனை வகுப்புகள் கையெழுத்துச் சஞ்சிகை நடத்தின என்று கணக்கெடுத்தோம். நினைவுகள் நிறையக் கிடைத்தன. "எங்கட வகுப்பில அழகா அட்டைப்படம் கீறினோமே" என்றார்கள். "றோனியோவில அடிச்சு விற்றோமே, ஒன்று ஐம்பது சதம்" என்றார்கள். சஞ்சிகை மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. பாடசாலை அலுமாரியில் வரவுப் பதிவேடுகள் இருக்கின்றன. பரிசளிப்பு விழா அழைப்பிதழ்கள் இருக்கின்றன. முன்னைய மலர்களும் இருக்கின்றன. அவற்றைப் புரட்டினோம்: பிரமுகர்களின் ஆசிச் செய்திகள், கடைகளின் விளம்பரங்கள், குழுப் படங்கள். மாணவியர் எழுதிய ஆக்கம் விரல்விட்டு எண்ணக்கூடியது. அந்த மலர்களில் சிலவற்றின் குழுவிலும் நாங்களேதான் இருந்தோம். பரிசு கொடுத்தோம், கைதட்டினோம், பிள்ளை எழுதிய தாளைக் கேட்டு வாங்கி வைக்க மறந்துவிட்டோம்.

எங்கள் வகுப்பில் ஒரு தோழி இருந்தாள். அவள் விருப்பப்படி பெயரை இங்கே சொல்லவில்லை. 1978இல் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது அவள் எழுதிய ஒரு கதையை டீச்சர் வகுப்பில் உரத்து வாசித்தார். மருதமுனைத் தறியில் நெய்யும் ஒரு தாயின் கதை. வாசித்து முடிந்த பிறகு வகுப்பு வெகுநேரம் அமைதியாக இருந்தது. அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம். பின்னர் இரண்டு தடவை குவைத்துக்குப் போய் வந்தாள். மூன்று பிள்ளைகளை ஆளாக்கினாள்.

அவளைத் தேடிப் போய், "உங்கட பழைய கொப்பிகள் ஏதும் இருக்குதா?" என்று கேட்டோம். அவள் சிரித்தாள். பாதிக் கொப்பிகளை அடுப்பு மூட்டப் பயன்படுத்தியாயிற்றாம். மீதி இருந்தவை தகரப் பெட்டியில், கடற்கரை வீதி வீட்டில். 2004 டிசம்பர் 26 வந்தது. நாட்டிலேயே கூடுதலான உயிர்களைக் கடலுக்குக் கொடுத்த மாவட்டம் நம்முடையது. "மனிசரே போன இடத்தில கொப்பியை ஆரு புள்ள தேடுற?" என்று அவள் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

ஆனால் கதை தப்பியிருந்தது. அன்று வகுப்பில் பக்கத்து வாங்கில் இருந்த இன்னொருத்தி, அந்தக் கதை பிடித்துப்போய், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் தன் விஞ்ஞானக் கொப்பியின் பின்பக்கத்தில் முழுவதையும் பார்த்து எழுதி வைத்திருந்தாள். அவள் வீடு பிரதான வீதிக்கு மேற்கே, வயல் பக்கம். கடல் அவ்வளவு தூரம் வரவில்லை. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் அந்தக் கொப்பி அவளுடைய உம்மாவின் அலுமாரியில், வீட்டு உறுதிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

வீட்டு உறுதி என்றவுடன் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. வெளியூர்த் தோழிகள் வியப்போடு கேட்கும் வழக்கம் ஒன்று நம் கரையில் உண்டு. இங்கே வீடும் வளவும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். உம்மாவின் வீடு மகளுக்கு, அவள் வீடு அவளுடைய மகளுக்கு. மற்ற ஊர்ப் பெண்கள் கல்யாணத்தோடு பிறந்த வீட்டை விட்டுப் போகும்போது, தங்கள் கொப்பிகளையும் கடிதங்களையும் விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். நாம் போகவில்லை. அந்த வீட்டிலேயே இருக்கிறோம். நகையும் உறுதியும் தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கின்றன. அப்படியிருந்தும் நம் எழுத்தை நாம் பாதுகாக்கவில்லை. அதற்கு யுத்தத்தையும் கடலையும் மட்டும் காரணம் காட்டிவிட முடியாது. அது வைத்திருக்க வேண்டிய பொருள் என்று நமக்கே தோன்றவில்லை.

கொப்பியோடு அந்தத் தோழியிடம் திரும்பப் போனோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் கதையைத் தானே வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு, "இதையா போடப்போறீங்க?" என்றாள். ஆம் என்றோம். "அந்த முடிவு பிழை புள்ள. பதினஞ்சு வயசில எழுதின. அந்த உம்மா அப்படி அழுதுகொண்டு இருக்கமாட்டா. எனக்கு ஒரு கிழமை தாங்க."

ஒரு கிழமை கழித்துப் புதிய முடிவு வந்தது. அவள் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதிய இரண்டு பக்கம். இந்த மலரில் பழைய முடிவும் புதிய முடிவும் இரண்டும் இருக்கின்றன. பெயருக்குப் பதிலாக முதலெழுத்து மட்டும் போடச் சொன்னாள், அப்படியே போட்டிருக்கிறோம். இரண்டு முடிவுகளுக்கும் நடுவில் இருக்கும் காலம்தான் அவளுடைய வாழ்நாள். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள் என்று நாங்கள் நினைத்தோம். கேட்க ஆள் வரவில்லை என்பதே உண்மை.

ஆகவே, சகோதரிகளே, மலர்க் குழுவின் வேண்டுகோள்களைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது: இன்றிரவோ நாளையோ உங்கள் அலுமாரிகளைத் திறந்து பாருங்கள். கையெழுத்துச் சஞ்சிகை, கட்டுரைக் கொப்பி, ஓட்டோகிராப், வெளிநாட்டிலிருந்து எழுதிய கடிதம், எதுவாக இருந்தாலும் தாருங்கள். மூலப் பிரதி உங்களுடையது. அது உங்களிடமே இருக்கும். எங்களுக்குப் படம் போதும். ஜன்னலோர வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், பக்கம் பக்கமாக நேராக வைத்துக் கைபேசியில் எடுங்கள். கிழிந்த தாளுக்குச் செலோடேப் ஒட்ட வேண்டாம், லமினேற் செய்யவும் வேண்டாம். இரண்டும் தாளைக் கெடுத்துவிடும். எழுதியவர், வகுப்பு, வருடம் மூன்றையும் ஒரு துண்டில் பென்சிலால் குறித்து உள்ளே வையுங்கள். கறையானுக்கும் ஈரத்துக்கும் எட்டாத மேல் தட்டில் வையுங்கள்.

இரண்டாவது: மூத்தம்மா இருக்கும் வீடுகளில், அவர் சொல்லும் கவியையும் தாலாட்டையும் பழைய கதையையும் அவர் சம்மதத்தோடு பதியுங்கள். பின்னால் கோழி கூவினாலும் பரவாயில்லை. அவர் பெயரைச் சேர்த்தே பதியுங்கள். பெயர் இல்லாத கவிகள் நம்மிடம் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

மூன்றாவது: எழுதியவரின் அனுமதி பெற்ற பிரதிகளை நம் பாடசாலை நூலகத்தில் ஒரு தொகுதியாக வைப்போம். 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்துக்கும் கொடுப்போம். அப்போது டோஹாவில் இருக்கும் தங்கையும் வாசிக்கலாம், இன்னும் பிறக்காத பேத்தியும் வாசிக்கலாம்.

நான்காவது, சங்கத்துக்கு ஒரு யோசனை. ஆண்டுதோறும் கட்டுரைக்கும் கதைக்கும் பரிசு கொடுக்கிறோம். இனிமேல் பரிசு பெற்ற ஒவ்வொரு ஆக்கத்தின் பிரதியும் பரிசு கொடுத்த அன்றே நூலகத்துக்குப் போக வேண்டும். அதோடு, இன்னொருவர் எழுதியதை அல்லது சொன்னதைச் சிறப்பாகத் தேடிக் கொண்டுவரும் மாணவிக்கும் ஒரு பரிசு வைப்போம். அன்று விஞ்ஞானக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிய பிள்ளைக்கு நாம் எந்தப் பரிசும் கொடுக்கவில்லை. அவள் இன்று இந்த மண்டபத்தில், நாலாவது வரிசையில் இருக்கிறாள். எழும்பச் சொன்னால் கோபிப்பாள். ஆகவே இருந்தபடியே எங்கள் சலாத்தை ஏற்றுக்கொள்ளட்டும்.

ரொறன்ரோவில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பெயர் அறிவிக்கப்படுகிறது. நம்மில் ஒருத்தியின் பெயரும் ஒருநாள் அங்கே அறிவிக்கப்பட்டால் நாமெல்லோரும் மகிழ்வோம், இன்ஷா அல்லாஹ். அப்போது அவளுடைய முதல் கதை எங்கே என்று யாராவது கேட்பார்கள். எடுத்துக் கொடுக்க நம்மிடம் இருக்க வேண்டும்.